பேரல் நீளம் கேட்கும் அப்பாக்கள்

தி. நகரிலிருந்து வரும் அப்பாக்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். "எந்த மாடல் வாங்கலாம் சார்?" என்பது ஒன்று. "பேரல் நீளமா இருந்தா குறி நல்லா விழும்தானே?" என்பது இன்னொன்று. பிள்ளை கூட வராது. அதற்கு டியூஷன் இருக்கும். கையிலிருக்கும் போனில் ஜெர்மன் கம்பெனிகளின் படங்கள் வரிசையாக நிற்கும்: ஃபைன்வெர்க்பாவ் 800, வால்தர் எல்.ஜி.400, அன்ஷூட்ஸ் 9015. ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் விலை. எதை வாங்கினாலும் ஒலிம்பிக்கில் சுடலாம். அதனால் முதல் கேள்விக்கு நான் அவசரப்படுவதில்லை. இரண்டாவது கேள்வியைத் தீர்த்துவிட்டால் முதலாவதற்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

மந்தைவெளிப் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடியில் 10 மீட்டர் ரேஞ்ச் வைத்திருக்கிறேன். காலையில் பயிற்சி. மதியத்துக்கு மேல் துப்பாக்கிகளை ஆளுக்கேற்றபடி செட் பண்ணுவது. பட் பிளேட்டை ஏற்றி இறக்குவது, கன்னம் வைக்கும் கட்டையை நகர்த்துவது, ட்ரிகரைச் சரிபார்ப்பது, சிலிண்டரில் 200 பார் காற்று ஏற்றுவது. பெசன்ட் நகர், சாந்தோம் வீடுகளிலிருந்து வரும் துப்பாக்கிகளுக்கு மட்டும் எண்ணெய்த் துணி கொஞ்சம் அதிகம் செலவாகும். கடற்காற்று ஜெர்மன் எஃகு என்று பார்ப்பதில்லை.

பேரல் பற்றிய நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மயிலாப்பூரில் வளர்ந்தவர் எவரும் மெரினாவில் பலூன் சுட்டிருப்பார். பலகையில் வரிசையாகப் பலூன், முன்னால் நாலைந்து ஏர் கன். அதில் நீளமானதை எடுக்கத்தான் எல்லோரும் போட்டி போடுவோம். குழாய் நீளமாக இருந்தால் குண்டு நேராகப் போகும் என்று அந்த மணலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பலூன் வெடிக்காவிட்டால் குறை கடைக்காரருடையது.

இப்போது ஒரு போட்டி ஏர் ரைஃபிளை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் நீண்ட குழாய் தெரியும். அதில் வரிப்பள்ளம் வெட்டிய உண்மையான பேரல் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர்தான். அதற்கு மேல் நீண்டிருப்பது வெறும் கூடு. பெல்லட் அந்தக் கூட்டின் சுவரைத் தொடுவதே இல்லை. 1970-களில் உலகம் முழுக்கச் சுட்ட ஸ்பிரிங் வகை ரைஃபிள்களில், ஃபைன்வெர்க்பாவ் 300 மாதிரியானவற்றில், பேரல் அரை மீட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு துப்பாக்கி துல்லியமானது, பேரல் குட்டையானது. இதை நான் சொன்னதும் அப்பாக்களின் முகம் மாறும். பணம் கொடுத்து வாங்கப்போகும் நீளத்தில் ஒரு பகுதி காலிக் குழாய் என்றால் யாருக்குத்தான் வருத்தம் வராது?

கூடு எதற்கு என்றால், அதன் நுனியில் முன் சைட் உட்கார வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வளையம், நுனியில் இன்னொரு வளையம், அதற்கப்பால் கறுப்பு வட்டம். இந்த இரண்டு வளையங்களுக்கும் இடையே தூரம் கூடக்கூட, கண் செய்யும் பிழை சிறுக்கும். கணக்கு எளிது. இடைவெளி 70 சென்டிமீட்டராக இருக்கும்போது கண் 0.1 மில்லிமீட்டர் தவறினால் 10 மீட்டரில் பெல்லட் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் விலகும். இடைவெளி 85 என்றால் 1.2-க்குள் நிற்கும். 10-ஆம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. வளையத்துக்கு வளையம் 2.5 மில்லிமீட்டர்தான் இடைவெளி. இப்போது தகுதிச் சுற்றில் 10.3, 10.7 என்று தசமத்தில் எண்ணுகிறார்கள். 60 ஷாட்டுக்கு உச்சம் 654. அங்கே 0.2 மில்லிமீட்டர் என்பது சிரித்துத் தள்ளும் அளவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு போகவும் முடியாது. சர்வதேச விதிப்படி மெக்கானிசத்தின் பின் முனையிலிருந்து குழாயின் நுனி வரை 850 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. உபகரணச் சோதனையில் அளப்பார்கள்.

ஆக, சைட்டுக்கு நீளம் வேண்டும், பேரலுக்கு வேண்டாம். பேரலுக்கு ஏன் வேண்டாம்? பெல்லட் அரை கிராம் சொச்சம். நொடிக்கு 170 மீட்டர் சுமாரான வேகத்தில் வெளியேறுகிறது. பேரலுக்குள் அது இருக்கும் நேரம் நாலைந்து மில்லிசெகண்ட். ட்ரிகர் விட்டபிறகும் இந்த நேரம் முழுக்க ரைஃபிள் சுடுபவரின் கையில்தான் இருக்கிறது. மூச்சு, நாடித் துடிப்பு, தோளில் ஒரு சின்னத் தளர்வு, எல்லாம் குறியில் பதியும். பேரல் நீண்டால் அந்த நேரமும் நீளும். "சுட்டபிறகும் அப்படியே நில்லு" என்று பிள்ளைகளிடம் நான் கத்துவது இதற்காகத்தான். நீளமான பேரல் துல்லியத்தைத் தரவில்லை, பிழை செய்ய அவகாசம் தருகிறது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கே சில வருடங்கள் ஆயின.

இதையெல்லாம் விடப் பெரியது பேலன்ஸ். அடையாறிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு, ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா சொன்னார் என்று முழு நீள மாடல் வாங்கியிருந்தார்கள். நின்று சுடும்போது இடது முழங்கை இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். துப்பாக்கியின் எடை தசையில் ஏறாமல் எலும்பு வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். இவளுக்குக் கை சின்னது. எடையின் மையம் உள்ளங்கைக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. முதல் 20 ஷாட் அருமையாக இருக்கும். பிறகு நுனி இறங்கத் தொடங்கும். அதைத் தூக்க முதுகை வளைப்பாள். 75 நிமிடத்தில் 60 ஷாட் முடிக்க வேண்டிய போட்டியில் நாற்பதாவது ஷாட்டுக்கு மேல் அவள் சுட்டதெல்லாம் முதுகுவலியோடுதான்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முன் குழாயிலிருந்த எடைகளைக் கழற்றினேன். கூட்டைக் குட்டையானதாக மாற்றி, பின்பக்கம் பட் பிளேட்டுக்கு அருகே அந்த எடையில் ஒரு பகுதியைச் சேர்த்தேன். சைட் இடைவெளி குறைந்தது. காகிதக் கணக்குப்படி அவளுடைய மதிப்பெண் இறங்கியிருக்க வேண்டும். ஏறியது. அதன் பிறகு அவளுடைய அம்மா என்னிடம் கேட்டது: "அப்போ ஜூனியர் மாடலே வாங்கியிருக்கலாமா சார்?" வாங்கியிருக்கலாம். எல்லா ஜெர்மன் கம்பெனிகளும் அதை வைத்திருக்கின்றன. விலையும் குறைவு. ஆனால் ஜூனியர் என்று எழுதியிருப்பதை வாங்க இந்த ஊரில் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. ஷூ வாங்கும்போதுகூட அடுத்த வருடத்துக்கும் சேர்த்து ஒரு சைஸ் பெரிதாக எடுக்கிறவர்கள் நாம்.

பேரல் நீளக் கேள்வி செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளைப் பற்றியும் வரும். இதைக் கேட்பவர்கள் அப்பாக்கள் இல்லை. ஓய்வு பெற்ற ராணுவத்தினரும், வீடியோ கேம் ஆடும் கல்லூரிப் பையன்களும். பெசன்ட் நகரில் ஒரு கர்னல் சார் இருக்கிறார். வடக்கே பணியில் இருந்தபோது டிராகுனோவ் தூக்கியவர். சோவியத் ராணுவம் 1963-ல் எடுத்துக்கொண்ட துப்பாக்கி அது. 620 மில்லிமீட்டர் பேரல், 10 ரவுண்ட் மேகசின், ஒவ்வொரு முறையும் ட்ரிகர் இழுத்தால் ஒரு குண்டு, அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். நம் ராணுவத்தில் பல பத்தாண்டுகள் இருந்தது. ஒருநாள் அவர் ஒரு அமெரிக்க கேட்டலாக்கைக் காட்டி, "16 இன்ச், 18, 20, 24 என்று போட்டிருக்கிறான். இதில் உங்கள் தேர்வு எது?" என்றார். வாங்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஓய்வூதியக்காரரின் மாலைப் பொழுது. நானும் உட்கார்ந்து பேசினேன்.

ஒவ்வொரு குண்டையும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் வகையில் பேரலை எங்கே வெட்டினாலும் துப்பாக்கி வேலை செய்யும். பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களில் அந்தச் சுதந்திரம் கிடையாது. குண்டு பேரலில் ஓடும்போது ஓரிடத்தில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் வாயு வெளியேறி, மெக்கானிசத்தைப் பின்னால் தள்ளி, பழைய கேஸை எறிந்து, புதியதை ஏற்றுகிறது. துளையைத் தாண்டிய பிறகு குண்டு நுனிக்குப் போய்ச்சேரும் வரைதான் அந்த வாயுவுக்கு அழுத்தம். பேரலை வெட்டினால் அந்த நேரம் குறையும். துளையைத் தோட்டா உட்காரும் அறைக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அங்கே அழுத்தம் அதிகம், மெக்கானிசம் முரட்டுத்தனமாகப் பின்னால் அடிக்கும். நீட்டினால் வேறு விதமான தொல்லை. அதனால் நீளம், துளையின் இடம், துளையின் விட்டம், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து ஒரே தீர்மானம். கேட்டலாக்கில் நாலு நீளம் இருந்தால் அது நாலு வேறு துப்பாக்கி என்றேன்.

வேகக் கணக்கும் சொன்னேன். 7.62 ரகத்தில் 24 இன்ச்சிலிருந்து 20-க்கு இறங்கினால் நொடிக்கு 25, 30 மீட்டர் போகும். 300 மீட்டருக்குள் சுடுபவருக்கு அதனால் பெரிய இழப்பில்லை. 800 மீட்டருக்குச் சுடுபவருக்கு இருக்கிறது. பேரல் குட்டையானால் விறைப்பு கூடும், அதிர்வு குறையும், குழுவாக விழும் குண்டுகள் சில நேரம் இன்னும் நெருங்கியே விழும். அமெரிக்க ராணுவம் எம்110 என்ற செமி ஆட்டோமேட்டிக் ஸ்னைப்பரை 20 இன்ச் பேரலோடு வைத்திருந்தது. அதற்கு அடுத்து எம்110ஏ1 என்று எடுத்தது 16 இன்ச். வண்டியிலிருந்தும் கட்டடத்துக்குள்ளும் இறங்கி ஓடுகிறவனுக்கு அந்த 4 இன்ச்சும் சுமை. மறுபக்கம், மியூனிக் 1972-க்குப் பிறகு ஜெர்மனியில் போலீசுக்காகச் செய்த பி.எஸ்.ஜி.1 என்ற செமி ஆட்டோமேட்டிக்குக்கு 650 மில்லிமீட்டர் பேரல், எடை 7 கிலோவுக்கு மேல். அதை வைத்திருப்பவன் ஓடப்போவதில்லை. ஒரு ஜன்னலில் மணிக்கணக்காகப் படுத்திருப்பான். இரண்டு பக்கமும் தவறவில்லை. துப்பாக்கிக்குப் பின்னால் இருக்கும் ஆள் என்ன செய்யப்போகிறான் என்பதிலிருந்து நீளம் வருகிறது.

"நம்ம ஆட்கள் போல்ட்டுக்கே திரும்பிவிட்டார்களே" என்றார் கர்னல் சார். உண்மை. 2019-ல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுப் பகுதிக்கு வந்த இத்தாலிய பெரெட்டாவும் அமெரிக்க பாரெட்டும், பிறகு வந்த ஃபின்லாந்து சாக்கோவும் போல்ட் துப்பாக்கிகள்தான். முதல் குண்டு ஒன்றுதான் முக்கியம் என்றால், மெக்கானிசம் அசையாமல் இருப்பதே லாபம். இரண்டாவது குண்டு உடனே வேண்டும் என்கிறவனுக்குத்தான் செமி ஆட்டோமேட்டிக்.

சிவிலியனுக்கு இந்தப் பேச்சு இங்கேயே நின்றுவிடும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களைத் தடை செய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. .303, 7.62 மாதிரி ராணுவத் தோட்டா போடக்கூடியது எதுவானாலும் அதுவும் அங்கேதான், போல்ட் ஆனாலும் சரி. நம் ஊர் எஸ்டேட்காரர்களும் மிராசுதார்களும் .315 என்ற வேறெங்கும் அதிகம் காணாத அளவில் ரைஃபிள் வைத்திருந்ததன் காரணம் இதுதான்: அதில் ராணுவத் தோட்டா ஏறாது. கேம் ஆடும் பையன்களிடம் நான் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் அடுத்த வாரம் வருவதில்லை. மீதிப் பேர் நல்ல ஷூட்டர்களாக ஆகிறார்கள்.

செமி ஆட்டோமேட்டிக் எங்கள் விளையாட்டில் உயிரோடு இருக்கும் இடம் 25 மீட்டர் பிஸ்டல். .22 தோட்டா, ஐந்து ஐந்தாக. ஆண்களின் ரேப்பிட் ஃபயரில் ஐந்து குண்டுகளை ஐந்து டார்கெட்டுகளில் 8 நொடி, 6 நொடி, 4 நொடி என்று விட வேண்டும். லண்டன் 2012-ல் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இதில்தான். அங்கே பேரல் 153 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சைட் இடைவெளி 220-ஐத் தாண்டக் கூடாது. பெரிய கம்பெனிகளின் பிஸ்டல்கள் பலவற்றில் பேரல் 153 வரை போவதுகூட இல்லை. 107, 120 என்று நின்றுவிடுகிறது. இங்கும் அதே கதைதான். குண்டு சீக்கிரம் வெளியே போகட்டும், சைட் மட்டும் தள்ளி நிற்கட்டும். நாலு நொடியில் ஐந்து டார்கெட்டுக்குக் கை திரும்ப வேண்டிய இடத்தில் நுனி கனத்தால் திருப்பமே வராது. நுனி லேசாகிவிட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் துள்ளும். நடுவில் ஓரிடம் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் வேறு. சின்ன எடைத் துண்டுகளைத் திருகித் திருகித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

.22 ரைஃபிளில் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை உண்டு. அன்ஷூட்ஸில் ஒரு மாடலுக்கு 660 மில்லிமீட்டர் பேரல், அதன் அண்ணனுக்கு 690. வெடிமருந்து அதற்கு வெகு முன்பே எரிந்து முடிந்துவிடுகிறது, வேகம் கூடுவதில்லை. எடையும் நிலையும்தான் வித்தியாசம். இதற்குச் செலவழிக்கும் யோசனையைத் தோட்டாவில் செலவழிக்கலாம். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனால் லாட் எண் மாறினால் அதே பேரல் வேறு மாதிரி சுடும். வசதியுள்ளவர்கள் பேரலை மெக்கானிசத்தோடு கழற்றி எடுத்துக்கொண்டு ஜெர்மனியில் ஷோனெபெக் போன்ற ஊர்களில் உள்ள டெஸ்ட் சென்டருக்குப் போய், இடுக்கியில் மாட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்கி வருவார்கள். நம்மவர்கள் கிடைத்த லாட்டில் ஒரு பெட்டி சுட்டுப் பார்த்து, பிடித்தால் மீதியைப் பதுக்குவார்கள்.

இதில் சென்னைக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, யாரும் பேசாதது. போட்டித் தோட்டாவின் வேகம் நொடிக்கு 330 மீட்டர் சுற்றி வைக்கிறார்கள், ஒலியின் வேகத்தைத் தொடக் கூடாது என்று. தொட்டால் குண்டு நடுவழியில் தள்ளாடும். ஐரோப்பாவின் குளிரில் ஒலியே 334 மீட்டர்தான், உரசிக்கொண்டு போகும். நம் 35 டிகிரியில் ஒலி 352 மீட்டருக்குப் போய்விடுகிறது. குண்டுக்கு நல்ல இடைவெளி. வெயிலைத் திட்டும் ஷூட்டர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த ஜாக்கெட்டை மே மாதத்தில் போட்டுக்கொண்டு நிற்பவருக்கு அதில் ஆறுதல் கிடைப்பதாகத் தெரியவில்லை.

மாடல் தேர்வில் கேட்டலாக் சொல்லாத இன்னொன்று: உதிரிப்பாகம். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் ஏர் பிஸ்டலில் போட்டி நடுவே லிவர் உடைந்து நிமிடங்கள் போனதை நாடே பார்த்தது. அங்கே கூட மாற்றுப் பிஸ்டல் இருந்தது, பழுது பார்க்க ஆள் இருந்தார். மயிலாப்பூரில் ஒரு ஓ-ரிங் கெட்டால்? அதனால் எனக்குப் பக்கத்தில் எவரெவர் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் மாடல் சொல்கிறேன். எழும்பூர் ரைஃபிள் கிளப்பில் பலரிடம் இருப்பது, வேளச்சேரி குரு நானக் கல்லூரி ரேஞ்சில் பயிற்சி செய்யும் பிள்ளைகள் சுடுவது, அதே கம்பெனியாக இருந்தால் ஒரு வாஷருக்காகப் போட்டியை விட வேண்டியதில்லை. கடன் வாங்கலாம். இங்கே கொடுப்பார்கள்; ஷூட்டர்களுக்குள் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது.

நடிகர் அஜித் 2021-லும் 2022-லும் மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கியபோது விசாரிக்க வந்த கூட்டத்தில் எத்தனையோ பேர் துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்டார்கள். இப்போது ரைஃபிள் ஷூட்டர் இளவேனிலின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள், கடலூரில் பிறந்த பெண் என்பதால் நம்ம ஊர்ப் பெருமை. ககன் நாரங்கும் சென்னையில்தான் பிறந்தார் என்று சொன்னால் பாதிப் பேருக்கு ஆச்சரியம். இந்தப் பெயர்களைச் சொல்லி எந்த மாடல் என்று கேட்பவர்களிடம் நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் வாங்கிவிடுவார்கள்.

போன வாரம் வந்த தி. நகர் அப்பாவிடமும் சொல்லவில்லை. வளையம் இத்தனை, காலிக் குழாய் இத்தனை என்று எல்லாம் கேட்டுவிட்டு, "சரி சார், அப்போ நான் என்னதான் ஆர்டர் போடட்டும்?" என்றார். இப்போதைக்கு எதுவும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். இங்கே மூன்று நீளத்தில் துப்பாக்கி இருக்கிறது. மூன்றையும் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கட்டும். கண்ணைத் திறக்கும்போது எந்தத் துப்பாக்கியின் நுனி டார்கெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ, அதன் அளவைக் குறித்துத் தருகிறேன்.

"டியூஷன் இருக்கே சார்."

டியூஷன் முடிந்து வரட்டும் என்றேன். மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும்.